வலது கண்ணாடி ஏன் ஏறவில்லை? பழைய சிபி550 ஒன்றுக்குத் துணைப்பாகங்கள் தேடிய கதை

என் மோட்டார் சைக்கிளில் இடதுபக்கப் பின்பார்வைக் கண்ணாடி நாலைந்து சுற்றில் கச்சிதமாக ஏறி உட்கார்ந்துவிட்டது. வலது கண்ணாடி முதல் சுற்றே பிடிக்கவில்லை. மரை அழுக்காக இருக்கும் என்று துடைத்தேன், எண்ணெய் விட்டேன், கொஞ்சம் அழுத்தியும் பார்த்தேன். இரண்டு கண்ணாடிகளும் ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தவை. பெட்டியின் மேல் வண்டியின் பெயர் தெளிவாக அச்சிட்டிருந்தது: ஹோண்டா சிபி550. என் வண்டியும் அதேதான். அப்படியானால் ஒரு பக்கம் ஏன் ஏறியது, மறுபக்கம் ஏன் ஏறவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் வண்டியின் பிரேக்கில் இருந்த கோளாறு தெரியவந்தது. அந்தக் கதையையும், நீண்ட பயணத்துக்காக அந்த வண்டிக்குக் கண்ணாடி, இண்டிகேட்டர், சார்ஜர், கேரியர், காற்றுத் தடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடியபோது எது பொருந்தியது, எது பொருந்தவில்லை, ஏன் என்பதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி

சிபி550 என்பது நான்கு சிலிண்டர்களைப் பக்கவாட்டில் அடுக்கிய 544 சிசி வண்டி. 1971-இல் வந்த சிபி500-இன் நேரடி வாரிசு. 1974 முதல் 1978 வரை தயாரானது. இதில் இரண்டு கிளைகள் உண்டு. நான்கு சைலன்சர்களுடன் வந்தது கே வகை. நான்கு குழாய்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே சைலன்சரில் முடிவது எஃப் வகை. என்னுடையது கே. முன்னால் ஒற்றை டிஸ்க், பின்னால் டிரம், 12 வோல்ட் மின்சாரம், ஸ்போக் சக்கரங்கள்.

என் கைக்கு வருவதற்கு முன் குறைந்தது நான்கு பேராவது அதை ஓட்டியிருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆண்டு 1977. ஆனால் ஸ்டியரிங் தலைப்பகுதியில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பார்த்தால் வண்டி 1976-ஆம் ஆண்டு மாடல். விற்காமல் கொஞ்ச காலம் நின்றுவிட்டு அப்புறம் பதிவான வண்டிகளில் இது சர்வசாதாரணம். அதனால் பழைய வண்டிக்குச் சாமான் தேடுகிறவர்கள் முதலில் நம்பக்கூடாதது பதிவு ஆண்டைத்தான். 1980-களின் தொடக்கத்துக்கு முந்தைய வண்டிகளில் இன்றைய 17 எழுத்து அடையாள எண்ணும் கிடையாது. குட்டையான ஒரு சேஸிஸ் எண், தனியாக ஓர் எஞ்சின் எண், அவ்வளவுதான். இரண்டையும் குறித்துவைத்துக்கொண்டு உதிரிபாகப் புத்தகத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை எந்த மாடல் என்று பார்க்க வேண்டும்.

கண்ணாடி

கண்ணாடிக்குத் திரும்புகிறேன். பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளில் கண்ணாடித் தண்டின் மரை 10 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 1.25 மில்லி இடைவெளி. சின்ன வண்டிகளிலும் சில ஸ்கூட்டர்களிலும் 8 மில்லி இருக்கும். பிஎம்டபிள்யூவில் 10 மில்லிதான், ஆனால் இடைவெளி 1.5. இந்த 1.25-க்கும் 1.5-க்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் ஸ்பேனர் போட்டுத் திருகினால் அலுமினிய மரை வழித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் நான் அதற்குமேல் அழுத்தவில்லை.

எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை வாங்கவே இல்லை. எதிர்த்திசையில் திருகினால் ஏறும் ஒரு 10 மில்லி போல்ட்டை எடுத்துத் துளையில் வைத்து, விரலால் எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். ஏறியது.

"இது இடமரை தம்பி. நீ வலதுபக்கம் திருகிக்கிட்டே இருந்தா இன்னைக்கு முழுக்க ஏறாது."

"ஹோண்டாவுல ஏண்ணே இடமரை?"

"ஹோண்டாவுல இல்ல. யமஹாவுல."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. யமஹா வண்டிகளில் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடிக்கு மட்டும் இடமரை கொடுத்திருப்பார்கள். காரணம் எளிது. வலது கண்ணாடியின் கை வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே வரும் ஏதாவது அதில் இடித்தால் கை பின்னோக்கிப் போகும். மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் சுற்றும் திசை. வழக்கமான வலமரையாக இருந்தால் அந்தத் திசையில் மேலும் இறுகும், தண்டோ பிடிமானமோ உடையும். இடமரையாக இருந்தால் தளர்ந்து சுழன்று கொடுத்துவிடும். இடது கண்ணாடியில் இடி விழுந்தால் கை எதிர்த்திசையில் சுழலும் என்பதால் அங்கே வலமரையே போதும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த யோசனை என் ஹோண்டாவுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

இந்த வண்டியில் வலது கண்ணாடி ஏறும் இடம் முன்பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரோடு, அதாவது லீவரை அமுக்கும்போது பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பாகத்தோடு, சேர்ந்த பிடிமானம். அதாவது யாரோ ஒருவர், என்றோ ஒரு நாள், ஹோண்டாவின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு யமஹாவுடையதை மாட்டியிருக்கிறார். மாட்டுவதில் தடை எதுவும் இருந்திருக்காது. ஹேண்டில்பார் விட்டம் இரண்டிலும் 22.2 மில்லி. பிரேக் குழாயின் போல்ட்டும் ஜப்பானிய வண்டிகளின் வழக்கப்படி 10 மில்லிக்கு 1.25. ஐரோப்பிய பிரேக்குகளில் பலவற்றுக்கு 10 மில்லிக்கு 1.0 இருக்கும். அப்படி ஏதாவது இருந்திருந்தால் அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் நான் செய்யவிருந்த காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இடமரையை வலமரையாக மாற்றித்தரும் குட்டி இணைப்பு ஒன்று விற்கிறார்கள். கண்ணாடி ஏறாத மறுநாளே அதை வாங்கி வைத்திருந்தேன். ஒரு பக்கம் இடமரை, மறுபக்கம் வலமரை. மாட்டினால் இரண்டு நிமிட வேலை. அதைக் காட்டியபோது அண்ணன், "அதை அப்புறம் பார்ப்போம்" என்று ஓரமாக வைத்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டரின் அடியில் துணியால் துடைத்தார். வார்ப்பிலேயே பொறித்திருந்தது: 5/8.

மாஸ்டர் சிலிண்டர்

5/8 என்பது உள்ளே ஓடும் பிஸ்டனின் விட்டம், அங்குலக் கணக்கில். மில்லியில் 15.9. பொதுவாக இரட்டை டிஸ்க் வண்டிகளுக்கு வருகிற அளவு அது. சிபி550 போன்ற ஒற்றை டிஸ்க் வண்டிக்கு 14 மில்லி.

வித்தியாசம் 1.9 மில்லிதானே என்று தோன்றும். ஆனால் கையின் விசை எண்ணெயில் அழுத்தமாக மாறும்போது கணக்கில் வருவது விட்டம் அல்ல, பரப்பளவு. 15.9-இன் வர்க்கத்தை 14-இன் வர்க்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.29 வரும். லீவரின் நெம்பு விகிதம் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், அதே அழுத்தத்தைப் பெற நான் 29 சதவீதம் கூடுதலாக அமுக்க வேண்டும். வாங்கிய நாளிலிருந்தே முன்பிரேக் கட்டை மாதிரி இருந்தது. லீவர் கொஞ்சம்கூட உள்ளே போகாது, வண்டி நிற்கவும் நிற்காது. 'அந்தக் காலத்து டிஸ்க் பிரேக் இப்படித்தான்' என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். லீவர் கெட்டியாக இருப்பதை நல்ல பிரேக்கின் அடையாளமாக நினைத்த நாட்களும் உண்டு.

14 மில்லி பிஸ்டனும் 10 மில்லிக்கு 1.25 வலமரைக் கண்ணாடித் துளையும் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் ஒன்றைத் தேடிப் போட்டோம். லீவர் இப்போது சற்று அதிகம் உள்ளே வருகிறது. இரண்டு விரலில் வண்டி நிற்கிறது. கண்ணாடியும் ஏறிவிட்டது.

அந்த இணைப்பை மாட்டியிருந்தால் கண்ணாடியும் அன்றே ஏறியிருக்கும், பிரேக்கும் அப்படியே இருந்திருக்கும். இணைப்புகளை நான் குறை சொல்லவில்லை, பல இடங்களில் அவை தேவை. ஆனால் பழைய வண்டியில் ஒரு புதுச் சாமான் ஏறவில்லை என்றால், சாமான் தவறா அல்லது வண்டியில் இருப்பது தவறா என்று பார்த்த பிறகுதான் இணைப்பைக் கையில் எடுக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயர் ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் வண்டியைத்தான் சொல்கிறது. நம் முன்னால் நிற்பது அதற்குப் பிறகு பல கைகள் மாறிய வண்டி.

எண்களைப் படிப்பது

இதற்குப் பிறகு தேடும் முறையையே மாற்றிக்கொண்டேன். ஹோண்டாவின் பழைய உதிரிபாக எண்கள் மூன்று துண்டாக இருக்கும்: ஐந்து இலக்கம், மூன்று இலக்கம், மறுபடி மூன்று இலக்கம். முதல் ஐந்தும் அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லும். நடு மூன்றும் அது முதன்முதலில் எந்த மாடலுக்காக உருவானது என்பதைச் சொல்லும். கடைசித் துண்டு திருத்தங்களுக்கானது. 300 என்றால் முதல் சிபி750. 323 என்றால் சிபி500. 374 என்றால் சிபி550.

இது தெரிந்தால் உதிரிபாகப் புத்தகமே ஒரு வம்சாவளி அட்டவணை ஆகிவிடுகிறது. சிபி550-இன் பக்கத்தைத் திறந்து நடு எண்ணை மட்டும் விரலால் ஓட்டிக்கொண்டே வந்தேன். எங்கெல்லாம் 323 இருக்கிறதோ அங்கெல்லாம் பாகம் சிபி500-லிருந்து மாறாமல் வந்திருக்கிறது. அந்த இடத்தில் மாட்டும் துணைப்பாகம் சிபி500-க்கென்று விற்றாலும் எனக்குச் சரி. 300 இருந்தால் தேடும் வட்டம் இன்னும் பெரிதாகிறது. சிபி750 அதிகம் விற்ற வண்டி, அதற்குச் சாமான் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 374 இருந்தால்தான் கவனம். அங்கே ஏதோ மாறியிருக்கிறது, சிபி500 சாமானை அளக்காமல் வாங்கக் கூடாது. யமஹாவில் இதே வேலையை எண்ணின் முதல் மூன்று எழுத்துகள் செய்கின்றன. மற்ற நிறுவனங்களுக்கும் இப்படி ஏதோ ஒரு முறை இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்தால் பிடிபட்டுவிடும்.

ஆனால் இதுவும் காகிதத்தில் இருக்கும் வண்டிக்குத்தான். கையில் இருக்கும் வண்டிக்கு வெர்னியர் காலிப்பரும் மரை அளவுத் தகடும் வேண்டும். இரண்டும் சட்டைப்பையில் அடங்குபவை. இவை இல்லாமல் பழைய வண்டிக்குச் சாமான் வாங்கப் போவது கால் அளவு தெரியாமல் அடுத்தவருக்குச் செருப்பு வாங்கப் போவது மாதிரி. கூடவே ஒரு சிறு சங்கதி: இந்தக் காலத்து ஜப்பானிய வண்டிகளில் இருக்கும் கூட்டல்குறித் திருகாணிகள் பிலிப்ஸ் வகை அல்ல, ஜேஐஎஸ் என்கிற ஜப்பானியத் தர வகை. தலையில் சில சமயம் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவரைப் போட்டால் மேலேறி வந்து தலையை மழுங்கடிக்கும். மழுங்கிய திருகாணியைப் பார்த்துப் பழைய சொந்தக்காரரைத் திட்டுவதற்கு முன் நம் டிரைவரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மின்சாரம்

கண்ணாடிக்கு அடுத்து இண்டிகேட்டர். பழைய இண்டிகேட்டர்களில் இரண்டு உடைந்திருந்தன. நான்கையும் எல்இடியாக மாற்றினேன். முதல் சிக்கல் எல்லாருக்கும் தெரிந்தது: சிமிட்டவே இல்லை, எரிந்துகொண்டே இருந்தன. இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் பழைய பிளாஷருக்குள் இருப்பது சூடேறி வளையும் ஓர் ஈருலோகப் பட்டை. இரண்டு 21 வாட் பல்புகளின் மின்னோட்டம் ஓடினால்தான் அது சூடேறும். எல்இடி இழுக்கும் சொற்ப மின்சாரம் அதற்குப் போதாது. சுமையைச் சாராத எலெக்ட்ரானிக் பிளாஷர் போட்டதும் சிமிட்டத் தொடங்கியது.

தொடங்கியதுதான், ஆனால் நான்கும் சேர்ந்து. இடப்பக்கம் போட்டாலும் நான்கு, வலப்பக்கம் போட்டாலும் நான்கு. இதில்தான் எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. புதிய பிளாஷர் மேல் பழிபோட்டு இன்னொன்று வாங்கினேன். அதுவும் அப்படியே. காரணம் வேறு எங்கோ இருந்தது. இந்த வண்டியின் மீட்டர் அருகே இண்டிகேட்டருக்கென்று இருப்பது ஒரே ஒரு காட்டி விளக்கு. இடப்பக்கத்துக்கும் சேர்த்து, வலப்பக்கத்துக்கும் சேர்த்து. அதன் ஒரு முனை இடப்பக்கத்து ஆரஞ்சுக் கம்பியிலும் மறுமுனை வலப்பக்கத்து வெளிர்நீலக் கம்பியிலும் இருக்கிறது. தனியாக எர்த் கிடையாது. இடப்பக்கம் எரியும்போது மின்சாரம் காட்டி விளக்கு வழியாக வலப்பக்கத்துக்குப் போய், அங்குள்ள பல்புகளின் இழை வழியாக எர்த்துக்கு இறங்கும். அந்தச் சிறு மின்னோட்டம் 21 வாட் பல்பை மினுக்கக்கூடப் போதாது என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. எல்இடிக்கு அதுவே விருந்து.

தீர்வு, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரண்டு டயோடுகள். ஆரஞ்சிலிருந்து ஒன்று, வெளிர்நீலத்திலிருந்து ஒன்று, இரண்டும் காட்டி விளக்கின் ஒரே முனைக்கு. மறுமுனையை எர்த்துக்கு. கைக்கு எளிதில் கிடைக்கும் 1என்4007 போதும். வேலை பத்து நிமிடம்.

சார்ஜர் கதை இன்னும் வெட்கக்கேடு. கைப்பேசிக்கு ஒரு யுஎஸ்பி சார்ஜர் மாட்டினேன். சார்ஜரில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி. வண்டியின் கம்பிக் கட்டிலும் சிவப்பு இருந்தது, கறுப்பு இருந்தது. நிறத்துக்கு நிறம் இணைத்தேன். சாவியைத் திருகினால் சார்ஜர் அணைந்தது. சாவியை எடுத்தால் எரிந்தது! கொஞ்ச நேரம் வண்டியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹோண்டாவில் எர்த் பச்சை. கறுப்பு என்பது சாவி திறந்ததும் பாசிட்டிவ் வரும் கம்பி. சிவப்பு நேராக பேட்டரியிலிருந்து வருவது. சாவி திறந்திருக்கும்போது இரண்டு கம்பியிலும் ஒரே 12 வோல்ட், இடையில் வித்தியாசம் இல்லை, சார்ஜர் அணைகிறது. சாவி மூடியிருக்கும்போது கறுப்புக் கம்பி காயில்கள், விளக்குகள் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. சார்ஜருக்குச் சுற்று முழுமையடைகிறது. எதுவும் கருகாமல் தப்பியது அதிர்ஷ்டம். யமஹாவில் கறுப்புதான் எர்த். வண்டியை மாற்றினால் நிறமும் மாறும் என்பதால் இப்போதெல்லாம் மல்டிமீட்டர் வைக்காமல் எந்தக் கம்பியையும் தொடுவதில்லை. சார்ஜர் இப்போது கறுப்பிலிருந்து எடுத்து பச்சையில் இறங்குகிறது. நேராக பேட்டரியில் கொடுத்திருந்தால் வண்டி நிற்கும்போதும் சில மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். 12 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 10 மில்லியாம்பியர் போனால் ஐம்பது நாளில் முழுக்கக் காலி. பாதி காலியானாலே கிளப்புவது சிரமம்.

கைப்பிடிச் சூடேற்றியும் பட்டியலில் இருந்தது. அதை விட்டுவிட்டேன். இந்த வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் தருவது 150 வாட், அதுவும் 5000 ஆர்பிஎம்மில். அதிலிருந்து இக்னிஷன் காயில்களுக்கு, ஆல்டர்னேட்டரின் சொந்தக் காந்தச் சுருளுக்கு, முன்விளக்குக்கு, பின்விளக்கு மீட்டர் விளக்குகளுக்கு என்று கொடுத்துவிட்டால் மிச்சம் சொற்பம். வண்டியை நிறுத்தி எஞ்சினை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, முன்விளக்கோடு பேட்டரி முனையில் அளந்தேன், 12.2 வோல்ட். அதாவது சார்ஜ் ஏறவில்லை, இறங்கிக்கொண்டிருக்கிறது. 3000-க்கு மேல் போனால் 13.6. இந்த நிலையில் 35, 40 வாட் இழுக்கும் கைப்பிடியை மாட்டினால் நெரிசலில் நின்று நின்று போகும் நாளில் பேட்டரி செத்துவிடும். பின்விளக்கையும் மீட்டர் விளக்குகளையும் எல்இடியாக மாற்றியதில் கொஞ்சம் மிச்சமானது. அந்த மிச்சத்தை முன்விளக்குக்குக் கொடுத்தேன். ஏழு அங்குல எச்4 விளக்கு, 60/55 வாட். அதை வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சாலையின் எந்தப் பக்கம் ஓட்டும் நாட்டுக்கான கண்ணாடி அது என்பது. மாற்றி வாங்கினால் டிப் போடும்போது ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்கு ஏறும்.

ஆறு வோல்ட் வண்டிகள், முன்விளக்கை பேட்டரியில் அல்லாமல் மாறுமின்னோட்டத்தில் நேராக எரிக்கும் சின்ன வண்டிகள் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேறு. அங்கே எல்இடியும் சார்ஜரும் மாட்டுவதற்கு முன், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையரிலிருந்து தொடங்க வேண்டும்.

கேரியர், காற்றுத் தடுப்பு, மற்றவை

கேரியர் எளிதாக முடிந்தது. சிபி500/550 என்று போட்டு விற்ற பழைய கேரியர் ஒன்று கிடைத்தது. நடு எண்ணைப் பார்த்துப் பழகியிருந்ததால் தைரியமாக வாங்கினேன். ஷாக் அப்சார்பரின் மேல் நட்டைக் கழற்றி அதே இடத்தில் கேரியரின் காதைப் போட்டு இறுக்க வேண்டும். இங்கே பலர் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. கேரியரின் காது மூன்று, நான்கு மில்லி தடிமன். அவ்வளவு மரையை அது தின்றுவிடும். நட்டு மூடிய தொப்பி நட்டு என்பதால் உள்ளே எத்தனை சுற்று பிடித்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. மரையின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது நட்டு ஏறியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. பழைய வாஷரை எடுத்துவிட்டு மெல்லியதைப் போட்ட பிறகுதான் அது வந்தது.

பக்கப் பெட்டிகள் மாட்டப் போனபோது கே வகையின் நான்கு சைலன்சர்கள் குறுக்கே வந்தன. மேல் சைலன்சருக்கும் பெட்டியின் அடிக்கும் இடையே இரண்டு விரல்தான் இடம். துணிப்பையாக இருந்திருந்தால் உருகியிருக்கும். எஃப் வகைக்காரர்களுக்கு இடப்பக்கம் முழுக்கக் காலி. பெட்டி பொருந்துமா என்று கேட்பவர்கள் எந்த எழுத்து என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். நான் பெட்டியை விட்டுவிட்டு இருக்கைக்குப் பின்னால் கட்டும் ஒற்றைப் பையோடு நிறுத்திக்கொண்டேன்.

காற்றுத் தடுப்பில் நான் ஏமாந்தேன். முன்ஃபோர்க் விட்டம் 35 மில்லி என்று அளந்து, 35 மில்லி பிடிப்பான் கொண்ட சின்னக் கண்ணாடித் தடுப்பை வாங்கினேன். அளந்தது கீழே, வழவழப்பான குழாயில். பிடிப்பான் உட்கார வேண்டியது மேலே, முன்விளக்கைத் தாங்கும் காதுகள் இருக்கும் இடத்தில். அங்கே ஃபோர்க்கைச் சுற்றி அந்தக் காதுகளின் உறை ஓடுகிறது, விட்டம் அதிகம். சாமானை எங்கே மாட்டப் போகிறோமோ அங்கே அளக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹேண்டில்பாரில் பிடிக்கும் 22.2 மில்லி வகையை வாங்கினேன். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரு ஓரங்களுக்கும் முழுக்கத் திருப்பிப் பார்த்ததில் கிளட்ச் கேபிள் பிடிப்பானில் உரசியது. பிடிப்பானை ஓர் அங்குலம் நகர்த்தியதும் சரியானது.

ஹேண்டில்பாரை மாற்றலாமா என்றும் ஒருமுறை யோசித்தேன். 22.2 மில்லி என்றால் எது வேண்டுமானாலும் ஏறும் என்று நினைப்போம். ஆனால் இந்தக் கால ஹோண்டாக்களில் சுவிட்சுக் கம்பிகள் ஹேண்டில்பாரின் உள்ளே போய், நடுவில் இருக்கும் ஒரு துளை வழியாக வெளியே வருகின்றன. சந்தையில் கிடைக்கும் பார்களில் பெரும்பாலானவற்றில் அந்தத் துளை இருக்காது. துளைபோட்டால் பலம் குறையும், வெளியே விட்டால் கம்பி நீளம் போதாது. பழைய பாரையே நிமிர்த்தி மெருகேற்றிக்கொண்டேன்.

டயரில் பிரச்சினை இல்லை. அசல் அளவு முன்னால் 3.25-19, பின்னால் 3.75-18. இன்றைய மில்லிமீட்டர் கணக்கில் முன்னால் 100/90-19, பின்னால் 110/90-18 போட்டிருக்கிறேன். டியூப் தனி. ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறித்திருக்கும், அதைப் படித்துவிட்டு டயர் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும்.

மீட்டரை மாற்றவில்லை, ஆனால் மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. கேபிளில் ஓடும் பழைய மீட்டர்களுக்கு விகிதம் உண்டு. ஜப்பானிய வண்டிகளில் கேபிள் கிலோமீட்டருக்கு 1400 சுற்று சுற்றுவது வழக்கம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கிலோமீட்டர் மீட்டர்களில் 1000. அழகாக இருக்கிறதே என்று அதை இதில் மாட்டினால் 50-இல் போகும்போது முள் 70 காட்டும்.

பயணம் கிளம்புவதற்கு முந்தைய நாள் அண்ணனிடம் பிரேக் எண்ணெய் பார்க்கப் போனேன். கழற்றிப் போட்ட யமஹா மாஸ்டர் சிலிண்டர் அவருடைய மேசையில் சுத்தமாகத் துடைத்து இருந்தது.

"இதை நான் எடுத்துக்கிட்டேன் தம்பி. ரெட்டை டிஸ்க் யமஹா ஒண்ணு வந்திருக்கு. எவனோ அதுல சின்னதைப் போட்டு வச்சிருக்கான், லீவர் கைப்பிடி வரைக்கும் வருது."

இடமரை இணைப்பு மட்டும் இன்னும் என் டப்பாவில் கிடக்கிறது.